‘ஹாட்லி’யில் விடுகிற பிழைகள்

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதிகளிலும் படகுகளிலும் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். நான் முன்பு விட்ட பிழைகளெல்லாம் ஒவ்வொரு புது வகுப்பிலும் திரும்ப வந்து உட்காருகின்றன. எழுத்துப்பிழை, உச்சரிப்பெல்லாம் பழகப் பழகச் சரிவரும். அவற்றை விடுவோம்.

‘லி’ போட்டால் வினையடை என்று நம்புவது

‘குவிக்’ குவிக்லி ஆகும், ‘ஸ்லோ’ ஸ்லோலி ஆகும், ஆகவே ‘ஹாட்’ (hard, கடுமையான) ஹாட்லி (hardly) ஆகும் என்று பாடமாக்க வைக்கிற ரியூசன் நோட்ஸைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பத்திக்கொண்டு வரும். ‘ஹாட்’ பெயரடையும் அதுதான், வினையடையும் அதுதான். பழைய ஆங்கிலத்தில் வினையடைக்குக் கடைசியில் ஓர் ஒலி கூடுதலாக இருந்தது. அது தேய்ந்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ‘ஹாட்லி’யும் ஒருகாலத்தில் கடுமையைத்தான் குறித்தது. இன்று அதற்கு ‘இல்லையென்றே சொல்லலாம்’ என்றுதான் பொருள்.

இங்கே ஒரு விடுதிக்கு, டிசம்பரில் மழை எப்படி என்று கேட்டு வெளிநாட்டுக் குடும்பம் ஒன்று எழுதியது. பதில் போட்ட தம்பி நேர்மையானவன். கடும் மழை என்று எச்சரிக்க நினைத்து ‘இட் ரெயின்ஸ் ஹாட்லி’ என்று எழுதினான். மழையே இராதாம் என்று அவர்கள் புறப்பட்டு வந்துவிட்டார்கள். நல்ல மாரி. புறாத்தீவுக்குப் படகு விட முடியாத கடல். நீந்த வந்த சனம் அறைக்குள் இருந்து காட்ஸ் விளையாடியது. காசைத் திருப்பிக் கொடுத்தும் அவர்களுடைய கோபம் ஆறவில்லை. “கடும் மழை எண்டுதானே சேர் எழுதினனான்?” என்று தம்பி என்னிடம் கேட்கிறான்.

‘இட் ரெயின்ஸ் ஹாட் இன் டிசெம்பர்’, ‘இட் ஹாட்லி ரெயின்ஸ் இன் ஜூன்’: திருகோணமலைக்கு இரண்டும் பொருந்தும். ‘ஹாட்’ வினைக்குப் பின்னால் வரும், ‘ஹாட்லி’ முன்னால் வரும். வேலை விண்ணப்பத்தில் ‘ஐ ஹாட்லி வேர்க்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். வேலை செய்வதே இல்லை என்று தாங்களே ஒப்புக்கொள்கிறார்கள்!

இன்னொரு ‘நொட்’

வேண்டாம். ‘ஹாட்லி’யே எதிர்மறைதான். ‘ஐ கேன் ஹாட்லி ஹியர் யூ’ போதும்.

‘ஹாட்லி நெவர்’

‘ஹாட்லி எவர்’ என்பதே சரி.

‘லேட்லி’

அண்மைக்காலமாக. பிந்தி வந்ததற்கு ‘லேட்’ மட்டும்.

‘வென்’ (when) வரவேண்டிய இடத்தில் ‘தன்’ (than)

‘ஹாட்லி ஹட் த போட் லெஃப்ட் வென் த வின்ட் றோஸ்’: படகு வெளிக்கிட்டதும் வெளிக்கிடாததுமாகக் காற்று எழும்பிற்று. ‘தன்’ வருவது ‘நோ சூனர்’ என்று தொடங்கினால்தான். ‘ஹட்’ (had) எழுவாய்க்கு முன்னால் வருவதையும் பாருங்கள். பேச்சில் இப்படி யாரும் சொல்வதில்லை, பரீட்சையில் மட்டும் விடாமல் கேட்பார்கள்.