குங்ஃபூ படத்தின் நிறை குறைகளைக் கண்டுபிடிப்பது எப்படி

சீனச் சண்டைப் படம் பார்த்து முடித்ததும் "சண்டை சூப்பர், கதை சுமார்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஏனென்றால் நல்ல குங்ஃபூ படத்தில் சண்டைக்குள்ளேதான் பாதிக் கதை நடக்கும். டோனி யென் நடித்து 2008இல் வந்த 'இப் மேன்' பலரும் பார்த்த படம் என்பதால் அதையே வைத்துச் சொல்கிறேன். ஜப்பான் சீனாவை ஆக்கிரமித்த காலத்தில் வாழ்ந்த, விங் சுன் என்ற குங்ஃபூ வகையின் ஆசான் இப் மேனைப் பற்றிய படம் இது.

முதலில் எந்த வகைப் படம் என்று பாருங்கள். வாள்வீரர்கள் கூரைக்குக் கூரை தாவும் வூஷியா படமென்றால், பறப்பதைக் குறையாக எழுதாதீர்கள், அந்தக் கதைமரபே அப்படித்தான். கையும் காலும் நேருக்கு நேர் மோதும் படத்தில் ரோப் கட்டி இழுத்தது தெரிந்தால் மட்டும் குறை.

அப்புறம் பிடித்த சண்டை ஒன்றைச் சத்தமில்லாமல் இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். எலும்பு முறியும் ஓசை, இசை எல்லாம் போன பிறகும் அடி அடியாகத் தெரிகிறதா? அடிப்பவரும் வாங்குபவரும் ஒரே ஷாட்டில் முழு உடலோடு இருக்கிறார்களா, இல்லை கட் மேல் கட் போட்டு ஒப்பேற்றியிருக்கிறார்களா? இந்தப் படத்துக்குச் சண்டை அமைத்த சாமோ ஹங் சிறுவயதிலேயே பீக்கிங் ஓபரா என்ற, பாட்டும் நடிப்பும் சண்டை அசைவும் கலந்த சீன மேடைக்கலையில் பயிற்சி பெற்றவர். அசைவு, ஒரு நொடி நிறுத்தம், மறுபடி அசைவு என்று அவர் சண்டைகளில் ஒரு தாளம் இருக்கும்.

அடுத்ததுதான் முக்கியம். ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் நடுவில் ஆள் மாறியிருக்கிறாரா என்று பாருங்கள். தொடக்கத்தில் வீட்டுக்குள் வந்து வம்பிழுப்பவனின் வாளை இப் மேன் இறகுத் துடைப்பத்தால் சமாளிப்பார், அவனுக்குப் பெரிய காயம் படாமல் பார்த்துக்கொள்வார். அதே மனிதர், தெரிந்தவர் ஒருவர் கண்ணெதிரே சுடப்பட்டதும் ஜப்பானியக் கராத்தே வீரர்கள் பத்துப் பேரை ஒன்றாக வரச் சொல்லி, விழுந்தவனையும் விடாமல் அடிப்பார். விங் சுன்னின் அதே தொடர்குத்துதான், ஆனால் இப்போது அதில் கோபம் இருக்கிறது. இந்த மாற்றத்தை வசனத்தில் விளக்காமல் சண்டையிலேயே சொன்னதுதான் இந்தப் படத்தின் பெரிய பலம்.

குறைகளையும் தயங்காமல் எழுதுங்கள். ஜப்பானிய அதிகாரி சாட்டோ வெறும் கொடூரன், அதற்கு மேல் ஒன்றுமில்லை. இப் மேனின் மனைவிக்குக் கவலைப்படுவதைத் தவிரப் பெரிய வேலை கிடையாது. பஞ்சாலைப் பகுதி இழுவை. வரலாறும் ரொம்பவே வளைக்கப்பட்டிருக்கிறது: படத்தில் இப் மேன் ஜப்பானியத் தளபதியோடு மோதிவிட்டு ஹாங்காங் போகிறார், நிஜத்தில் அவர் போனது போர் முடிந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1949இல். உண்மைக் கதை என்ற பெயரில் வரும் படத்தில் இதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும்.

நடிப்பைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் மட்டும் டப்பிங்கை விட்டுவிட்டு, மூல மொழியில் சப்டைட்டிலோடு ஒரு தடவை பார்த்துவிடுங்கள். டோனி யென் பணிவாகத் தாழ்ந்த குரலில் பேசுவது பாத்திரத்தின் பாதி, டப்பிங்கில் அது காணாமல் போய்விடும்.