குளிர்காலத்தில் என்ன குடிக்கலாம்? ரொறொன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ரொறொன்ரோவில் ஜனவரி வந்துவிட்டால் வெளியே கடுங்குளிர், வீட்டுக்குள் ஹீட்டரின் வறண்ட காற்று. தாகம் பெரிதாகத் தெரியாது. ஆனால் உதடு வெடிக்கும், தொண்டை காயும், தலை இடிக்கும். பச்சைத் தண்ணீர் குடிக்கவும் மனம் வராது. அதனால் சுடச்சுட எதையாவது அடிக்கடி குடிக்கப் பழகுங்கள்.

அதற்காக நாள் முழுக்கத் தேத்தண்ணியாகவே குடிக்காதீர்கள். டிசம்பரில் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். வேலையால் வந்ததும் ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று என்று போனால் நித்திரை கெடும். இரவுக்குக் கொத்தமல்லித் தண்ணிதான் நல்லது. இரண்டு மேசைக்கரண்டி மல்லியை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, ஒரு துண்டு வேர்க்கொம்பையும் நாலைந்து மிளகையும் தட்டிப் போட்டு, மூன்று கப் தண்ணீர் இரண்டாக வற்றும்வரை கொதிக்க விடுங்கள். வடித்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் நெஞ்சுக்குள் இதமாக இறங்கும். எல்லாமே ஸ்காபரோ தமிழ்க் கடைகளில் கிடைக்கும். ஊரிலிருந்து சுமந்து வரத் தேவையில்லை.

ஒன்ராறியோவில் பால் பையிலும் வரும். 4 லீற்றர் பைக்குள் மூன்று சிறிய பைகள். ஒன்றை ஜக்கில் வைத்து மூலையை வெட்டி ஊற்ற வேண்டும். தேத்தண்ணிக்கு 3.25 சதவீதக் கொழுப்புள்ள பாலை வாங்குங்கள், 1 சதவீதப் பாலில் ருசியே வராது. இஞ்சி போடுவதென்றால் முதலில் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வைத்து, அப்புறம் பாலை விடுங்கள். பச்சை இஞ்சியை நேரே பாலில் போட்டால் பால் திரைந்துவிடும்.

ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடையில் 'டபிள் டபிள்' என்றால் இரண்டு கிரீம், இரண்டு சீனி போட்ட கோப்பி. கிரீம் பிடிக்காவிட்டால் பால் என்று கேளுங்கள், தருவார்கள்.

கடைகளில் ஜூஸ் பக்கத்தில் இருக்கும் அப்பிள் சைடர் வடிகட்டாத அப்பிள் சாறுதான். கறுவாவும் கராம்பும் போட்டுச் சூடாக்கினால் பிள்ளைகள் விரும்பிக் குடிப்பார்கள். 'ஹார்ட்' (hard) என்று போட்டிருந்தால் அது மது.

மதுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிருக்கு நல்லது என்று யாராவது ஊற்றித் தருவார்கள். குடித்ததும் தோலுக்கு இரத்தம் கூடுதலாக ஓடுவதால் சூடு போலத் தெரியும். உண்மையில் உடம்பின் உள்வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கும். பனியில் நடந்து வீடு போக வேண்டிய இரவில் தயவுசெய்து வேண்டாம்.

கைக்குழந்தை இருந்தால் இன்னொன்று: இருமலுக்கு இஞ்சிச்சாற்றில் தேன் கலந்து கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஒரு வயது நிரம்பும்வரை தேன் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காதீர்கள்.