கை எட்டாத முதுகுப் பிடிப்புக்கு ஒரு டென்னிஸ் பந்து

பழைய நீள சாக்ஸுக்குள் டென்னிஸ் பந்தைப் போட்டு, மறுமுனையைத் தோளுக்கு மேலாகப் பிடித்தபடி, பந்தை முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்துச் சாய்ந்து, முழங்காலை லேசாக மடக்கி நிமிர்ந்தால் அது தானாக உருளும். தோள்பட்டை எலும்புக்குப் பக்கத்தில் சுருக்கென்று வலிக்கிற இடம் வந்ததும் நிறுத்தி, அரை நிமிடம் நிதானமாக மூச்சு விடுங்கள். ஒரே புள்ளியில் விழும் அழுத்தத்தில் இறுகிய தசை தளர்ந்து கொடுக்கும், சாக்ஸ் இருப்பதால் பந்தும் கட்டிலுக்கடியில் ஓடாது. பாதத்தைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தால் அழுத்தம் கூடும். கிரிக்கெட் பந்து வேண்டாம், கன்றிப்போகும்!

நடு முதுகெலும்பின் மேல் மட்டும் வைக்காதீர்கள். வலி கைக்கு இறங்கினாலோ, விரல் மரத்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தாலோ இது சரிப்படாது, முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.