டீம் மேல ஏறினாலும் கீழ இறங்கினாலும் அவே மேட்ச் போறவங்க பண்ற தப்புகள்

நம்ம ஃபுட்பால் டீம் ப்ரொமோஷன் வாங்கி மேல் டிவிஷனுக்கு ஏறின அன்னிக்கு ராத்திரி எல்லாரும் பண்ற முதல் வேலை, போன்ல மேப்பைத் திறந்து அடுத்த வருஷம் அவே மேட்சுக்கு, அதாவது எதிர் டீமோட கிரவுண்டுல நடக்கற மேட்சுக்கு, எந்தெந்த ஊருக்குப் போகணும்னு பாக்கறது. நானும் பண்ணிருக்கேன். அந்த ராத்திரி போட்ட பிளான்ல பாதி, சீசன் ஆரம்பிக்கற ஆகஸ்ட் வரைக்கும்கூட தாங்கல.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். இங்கிலாந்துல மேல இருக்கற நாலு டிவிஷன்ல 92 கிளப், அதுக்குக் கீழ இருக்கறது எல்லாம் நான்-லீக். அதுல உச்சில நேஷனல் லீக், 24 டீம், நாடு பூரா ஒரே டிவிஷன். அதுக்குக் கீழ நார்த், சவுத்னு ரெண்டா பிரியும், அதுக்கும் கீழ நாலு, அப்புறம் எட்டு, அப்புறம் பதினாறு. கீழ போகப் போக ஏரியா சுருங்கும். இதைப் பாத்துட்டுத்தான் எல்லாரும் ஒரு சிம்பிள் கணக்குப் போட்டுக்கறாங்க: மேல ஏறினா தூரம், கீழ இறங்கினா பக்கம். இந்தக் கணக்குதான் எல்லாத் தப்புக்கும் தாய்.

கார்லைல் யுனைடெட் ஃபேன்ஸைக் கேட்டுப் பாருங்க. 2025ல நாலாவது டிவிஷனான லீக் டூல இருந்து நேஷனல் லீக்குக்குக் கீழ வந்தாங்க, ஊரு ஸ்காட்லாந்து எல்லைக்குப் பக்கத்துல. இறங்கினா பயணம் குறையும்னு நெனச்சா, அதே வருஷம் நேஷனல் லீக் சவுத்தை ஜெயிச்சு ட்ரூரோ சிட்டி மேல வந்துடுச்சு. ட்ரூரோ கார்ன்வால்ல இருக்கு, நாட்டோட தென்மேற்கு மூலை. ஒரு வழிக்கே 400 மைல் பக்கம் வரும், அதே லீக்ல இருந்த வடகிழக்கு ஊரு கேட்ஸ்ஹெட்ல இருந்து போறவங்களுக்கு 400ஐத் தாண்டிடும், அதாவது 650 கிலோமீட்டருக்கு மேல, திரும்பி வர்றது தனி. கீழ இறங்கினவனுக்குத்தான் அந்த சீசன்ல பெரிய பயணம். ட்ரூரோக்காரங்க நிலைமை இன்னும் பாவம், முந்தின வருஷம் டார்கீ பக்கத்து ஊரு மேட்ச் மாதிரி இருந்துச்சு, ஏறின பிறகு இருக்கறதுல கிட்டக்க இருக்கற அவே மேட்ச்னா யோவில், அதுவே 100 மைலுக்கு மேல. மத்தவங்களுக்கு வருஷத்துல ஒரு தடவை ட்ரூரோ, அவங்களுக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு ட்ரூரோ.

இன்னொரு பக்கம், கீழ இறங்கி நிஜமாவே உலகம் சுருங்கினவங்களும் உண்டு. டார்லிங்டன் 2012ல பணப் பிரச்சினைல நொறுங்கி, ரொம்பக் கீழ இருக்கற நார்தர்ன் லீக்ங்கற வட்டார லீக் வரைக்கும் போனப்ப அவே மேட்ச் எல்லாம் கிட்டத்தட்ட பக்கத்து ஊருங்கதான். ஆனா சொந்த கிரவுண்ட் இல்லாம பிஷப் ஆக்லாண்ட்ல வாடகைக்கு ஆடினதால 2016 வரைக்கும் ஹோம் மேட்சுக்கே பஸ் பிடிச்சுப் போனாங்க.

அடுத்த தப்பு கொஞ்சம் நுணுக்கமானது, இதுல அனுபவசாலிங்களே மாட்டுவாங்க. நார்த், சவுத்துன்னு பேரு இருக்கறதால நம்ம ஊரு தெற்குல இருந்தா சவுத்துலதான் போடுவாங்கன்னு நெனச்சுக்கறது. ரெண்டையும் பிரிக்கற கோடு மேப்புல நிலையா இல்லைங்க, வருஷா வருஷம் நகரும். நார்த்துல 24, சவுத்துல 24 வரணும், மேல இருந்து நாலு டீம் விழும், கீழ இருந்து எட்டு டீம் ஏறும், இந்தப் பன்னெண்டுல தெற்குக்காரங்க அதிகமாயிட்டா நடுவுல இருக்கறவங்கள்ல யாரையாச்சும் வடக்குல தள்ளித்தான் ஆகணும். அப்படித்தான் பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபர்ட், லண்டனுக்குப் பக்கத்துல ஸ்டான்ஸ்டெட் ஏர்போர்ட்டை ஒட்டி இருக்கற ஹெர்ட்ஃபர்ட்ஷயர் ஊரு, 2023ல ஏறி நேஷனல் லீக் நார்த்துல உக்காந்துச்சு, டார்லிங்டன், சவுத் ஷீல்ட்ஸ்னு வடகிழக்கு வரைக்கும் போய்ட்டு வந்துட்டு அதே சீசன்ல திரும்ப இறங்கிடுச்சு. அடுத்த வருஷம் சஃபோக்ல இருக்கற நீடம் மார்க்கெட்டுக்கும் அதே கதைதான். க்ளாஸ்டர் சிட்டியை எடுத்துக்கிட்டா ஏறவும் இல்ல இறங்கவும் இல்ல, நார்த்துல இருந்து 2017ல சவுத்துக்கு, 2019ல திரும்ப நார்த்துக்குன்னு பக்கவாட்டுல தூக்கிப் போட்டாங்க. அதனால நம்ம டீம் எத்தனாவது இடத்துல முடிச்சுச்சுன்னு மட்டும் பாக்காதீங்க, மத்த டிவிஷன்ல யாரு ஏறறா, யாரு விழறாங்கறதுதான் உங்க பெட்ரோல் செலவை முடிவு பண்ணுது. ஏப்ரல்ல நான் எங்க பாயின்ட்ஸ் டேபிளைவிட அடுத்தவன் டேபிளைத்தான் அதிகம் பாப்பேன், வீட்ல பைத்தியம்னு சொல்வாங்க.

இந்தப் பிரிப்பை இங்கிலாந்து ஃபுட்பாலை நடத்தற எஃப்ஏ சீசன் முடிஞ்சு மே மாசம் வாக்குல அறிவிக்கும். அதுக்கும் அப்பீல் உண்டு, ஒரு கிளப் பணமில்லாம விலகினாலோ கிரவுண்ட் தரம் பத்தலன்னு தடுக்கப்பட்டாலோ விழுந்த டீம் ஒண்ணு தப்பிச்சுக்கும், திரும்ப கோடு நகரும். எந்தத் தேதில யாரோட மேட்ச்னு சொல்ற ஃபிக்ஸ்சர் லிஸ்ட் ஜூலைலதான் வரும். அதுக்கு முன்னாடி பணம் திரும்ப வராத எதையும் புக் பண்ணாதீங்க. ஆசை அடங்கலன்னா கேன்சல் பண்ணக்கூடிய ரூம் மட்டும் போட்டு வைங்க.

இப்ப பஸ் விஷயம். சப்போர்ட்டர்ஸ் கோச், அதாவது ஃபேன்ஸ் சேந்து போற வாடகை பஸ், ஏற்பாடு பண்றவங்க இதைக் கட்டாயம் படிக்கணும், ஏன்னா இங்க நடக்கற தப்பு நூறு பேரை பாதிக்கும். பழைய டிவிஷன்ல ஒரு டிரைவர், ஒரு பஸ், காலைல கெளம்பி ராத்திரி வீடுன்னு பழகிருப்பீங்க. மேல ஏறினா மைல் கூடுது, டிக்கெட் ரேட்டைக் கொஞ்சம் ஏத்திக்கலாம்னு விட்டுடறாங்க. ஆனா டிரைவர் ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்துல ரெண்டு நாள் மட்டும் 10 வரைக்கும் போகலாம், நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் ஓய்வு எடுத்தே ஆகணும். பஸ்ஸும் மணிக்கு 62 மைலுக்கு மேல போகாதபடி லிமிட்டர் போட்டுருப்பாங்க, அதனால கார்ல நாம போற நேரத்தை வெச்சுக் கணக்கு போட்டா உதைக்கும். 250 மைல்னா போக அஞ்சு மணி நேரம், வர அஞ்சு மணி நேரம், அங்கயே வரம்பைத் தொட்டாச்சு, ஒரு ட்ராஃபிக் ஜாம் வந்தா டிரைவர் சர்வீஸ் ஸ்டேஷன்ல வண்டியை ஓரங்கட்டிட்டு சாவியை எடுத்துடுவார், அவரைத் திட்டிப் பிரயோஜனமில்ல. மேட்ச் நடக்கற நேரம் ஓட்டற கணக்குல வராது, ஆனா அவரோட மொத்த வேலை நாள் எவ்ளோ நீளலாம்னும் தனி வரம்பு இருக்கு. அதனால தூரம் கூடறப்ப செலவு படிப்படியா ஏறாது, ஒரு எடத்துல திடீர்னு எகிறும், ரெண்டாவது டிரைவர் இல்லன்னா ராத்திரி தங்கல். எங்க குரூப்ல முதல் வருஷம் இதை யோசிக்காம சீசன் முழுக்க ஒரே ரேட் போட்டு ஆளுங்ககிட்ட பணமும் வாங்கிட்டோம், பிப்ரவரில திரும்ப உண்டியல் ஏந்த வேண்டியதாப் போச்சு.

அதே பஸ்ல பீர். இதுல நெறைய பேருக்குத் தெரியாத சட்டம் ஒண்ணு இருக்கு, 1985ல வந்தது. மேல இருக்கற அஞ்சு டிவிஷன், அதாவது நேஷனல் லீக் வரைக்கும், மேட்ச் நடக்கறப்ப பிட்ச் தெரியற எடத்துல நின்னு குடிக்கக்கூடாது, மேட்சுக்குப் போற வாடகை பஸ்லயும் சரக்கு கூடாது. நார்த், சவுத்துல இருந்து கீழ இந்தச் சட்டம் பொருந்தாது, அதனாலதான் நான்-லீக்னாலே கைல கிளாஸோட பிட்ச்சைச் சுத்தி இருக்கற கம்பில சாஞ்சுக்கிட்டு மேட்ச் பாக்கற படம் மனசுல வருது. சவுத்துல இருந்து நேஷனல் லீக்குக்கு ஏறின அன்னிக்கே அந்த வாழ்க்கை முடிஞ்சுது. பழைய நெனப்புல கேன் பெட்டியை டிக்கில ஏத்தினா, தெரிஞ்சே விட்டதுக்கு பஸ் கம்பெனி மேலயும் கேஸ் வரும், அடுத்த தடவை உங்களுக்கு வண்டி தரமாட்டாங்க. இன்னொரு திருப்பமும் இருக்கு: ரெண்டு டீம்ல ஒண்ணு அந்த மேல் அடுக்கா இருந்தாலே போதும், சட்டம் வந்துடும். உங்க டீம் கீழ இருந்தாலும் கப் மேட்ச்ல நேஷனல் லீக் டீமோட மோதினா அன்னிக்கு மட்டும் பஸ் சுத்தமா இருக்கணும்.

ரயில்ல போறவங்க தப்பு வேற ரகம். அட்வான்ஸ் டிக்கெட் சீப்பா கெடைக்குதேன்னு குளிர்கால மேட்சுக்கு அள்ளிப் போட்டுடறாங்க. நான்-லீக்ல மழை பேஞ்சு பிட்ச் சகதி ஆனா, உறைஞ்சு போனா, காலைல ரெஃபரி வந்து பாத்துட்டு மேட்ச் இல்லன்னு சொல்லிட்டுப் போயிடுவார். மேட்ச் ரத்தானாலும் ரயில் ஓடுது இல்லியா, அதனால அட்வான்ஸ் டிக்கெட் காசு திரும்ப வராது. வண்டி கெளம்பறதுக்கு முன்னாடி வேற தேதிக்கு மாத்தலாம், கட்டணமும் விலை வித்தியாசமும் கட்டணும். சனிக்கிழமை போன மேட்ச் திரும்ப வர்றது பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை ராத்திரி, அப்ப லீவும் கடைசி வண்டியும் புதுத் தலைவலி. மூணு பேரா சேந்து போனா, கூட்டம் கம்மியான நேரத்துக்கான ஆஃப்-பீக் டிக்கெட்ல க்ரூப்சேவ் தள்ளுபடி மூணுல ஒரு பங்கு கெடைக்கும், ஜனவரி மாதிரி மாசத்துக்கு எனக்கு அதுதான் சரின்னு படுது.

பிட்ச் எதுன்னும் பாருங்க. மெய்ட்ஸ்டோன், டார்க்கிங் வாண்டரர்ஸ் மாதிரி செயற்கைப் புல் இருக்கற எடத்துல மழைக்கு மேட்ச் ரத்தாகறது ரொம்பக் கம்மி, அங்க தைரியமா புக் பண்ணலாம். இதுலயும் ப்ரொமோஷன் ஒரு வேலை காட்டும், லீக் டூக்கு ஏறினா செயற்கைப் புல்லுக்கு அனுமதி இல்ல, 2021ல சட்டன் யுனைடெட்டும் 2024ல ப்ராம்லியும் அதைப் பேத்து எடுத்துட்டு நிஜப் புல்லு போட்டாங்க.

ட்ரூரோவுக்கு ரயில்ல போறவங்களுக்கு தனியா ஒண்ணு. லண்டன் பாடிங்டனுக்கும் பென்சான்ஸுக்கும் நடுவுல நைட் ரிவியரான்னு ஸ்லீப்பர் வண்டி இருக்கு, மேட்ச் முடிச்சு தூங்கிட்டே லண்டன் வந்துடலாம்னு தோணும். அது சனிக்கிழமை ராத்திரி மட்டும் ஓடாது. ஆமா, மேட்ச் இருக்கற அதே ராத்திரி.

ஊர் பேரை நம்பி எறங்கறது இன்னொரு தப்பு, புது டிவிஷன்னா புது கிரவுண்டுங்க, அதனால ஏறின வருஷமும் இறங்கின வருஷமும் இது ரொம்ப நடக்கும். வீல்ட்ஸ்டோன் எஃப்சி வீல்ட்ஸ்டோன்ல ஆடறதில்ல, 2008ல இருந்து ரைஸ்லிப்ல ஆடறாங்க, ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டோன் ஸ்டேஷன்ல எறங்கி நிக்கற ஆளை நானே பாத்துருக்கேன் (சரி, அது நான்தான்). ஃபாரஸ்ட் க்ரீன் இருக்கற நெயில்ஸ்வர்த்துல ரயிலே கெடையாது, ஸ்ட்ரவுட்ல எறங்கி பஸ் பிடிக்கணும். 2025ல நேஷனல் லீக்குக்கு வந்த ப்ராக்லிலயும் ஸ்டேஷன் இல்ல, பான்பரில இருந்து பஸ்தான். யார்க் சிட்டி 2021ல ஊருக்கு வெளிய மாங்க்ஸ் க்ராஸுக்குப் போயிட்டாங்க, பழைய ஞாபகத்துல ஸ்டேஷன்ல இருந்து நடந்து போயிடலாம்னு கெளம்பாதீங்க. வாடகை கிரவுண்ட்ல ஆடற கிளப்பும் நெறைய, மேட்சுக்கு முந்தின வாரம் அந்த கிளப்போட சைட்டை ஒரு தடவை பாத்துடுங்க.

பெரிய கிளப்ல இருந்து விழுந்து வர்றவங்களுக்கு மட்டும் ஒண்ணு சொல்லணும். உங்களுக்கு அவே மேட்சுக்கு ஆயிரம் பேர் வர்றது பழக்கம், ஆனா அங்க இருக்கற கிரவுண்டுல அவே பக்கமே அவ்ளோ பேரைத் தாங்காது, அதனால கேட்ல காசு கொடுத்து உள்ள போயிடலாம்னு நெனக்காம டிக்கெட் விக்க ஆரம்பிச்ச அன்னிக்கே வாங்கிடுங்க. சின்ன கிளப்ல இருந்து ஏறினவங்களுக்கு இதுக்கு நேர் எதிர்: ஹாஃப்-டைம்ல நம்ம டீம் கோல் அடிக்கற பக்கமா நடந்து போய் எடம் மாத்திக்கற பழக்கம், ரெண்டு ஃபேன்ஸையும் பிரிச்சு உக்கார வெக்கற கிரவுண்டுல நடக்காது.

கடைசியா ப்ளே-ஆஃப், அதாவது முதலிடத்துக்கு அடுத்து முடிச்ச டீமுங்க மிச்ச ப்ரொமோஷன் இடத்துக்கு மோதற மேட்சுங்க. நேஷனல் லீக் ஃபைனல் லண்டன்ல இருக்கற வெம்ப்லி ஸ்டேடியத்துல நடக்கும். நார்த், சவுத் ஃபைனல் வெம்ப்லில நடக்காது, டேபிள்ல மேல முடிச்ச டீமோட கிரவுண்ட்லதான், அதனால எந்த ஊருங்கறதே செமி முடிஞ்சப்புறம்தான் தெரியும், கைல சில நாள்தான் இருக்கும். எங்க கூட்டத்துல ஒரு தம்பி, டீம் நாலாவது இடத்துல இருந்தப்பவே வெம்ப்லி பக்கத்துல பணம் திரும்ப வராத ரூம் ஒண்ணு போட்டுட்டான், நாங்க சவுத்துல இருக்கோம்டான்னு யாரும் அவன்கிட்ட சொல்லல. செமில தோத்தோம். காசு போச்சேன்னு மனைவியைக் கூட்டிட்டுப் போய் அந்த ரூம்ல ஒரு ராத்திரி தங்கிட்டு வந்தான், ஜன்னல்ல இருந்து ஸ்டேடியம் வளைவு நல்லா தெரிஞ்சுதாம்.