கடற்கன்னி பொம்மை தைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் பொம்மைத் துணிக்குப் பஞ்சமே இல்லை. தீபாவளி நெருங்கும்போது தையற்கடைகளில் ரவிக்கைக்கும் பஞ்சாபி உடைக்கும் வெட்டிய மிச்சத் துண்டுகள் குவிந்து கிடக்கும். கேட்டால் பை நிறையத் தருவார்கள். பளபளக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு துண்டை எடுத்துவிடாதீர்கள். சாட்டின் வெட்டிய ஓரத்தில் நூல் நூலாகப் பிரியும். வாலுக்கு அதுதான் வேண்டுமென்றால் தையலுக்கு வெளியே 1 சென்டிமீட்டர் துணி விட்டு, அடியில் மெல்லிய பருத்தித் துணி கொடுத்துச் சேர்த்துத் தையுங்கள். முகத்துக்கும் உடம்புக்கும் பருத்தியே நல்லது. அதை வெட்டுவதற்கு முன்பே துவைத்து இஸ்திரி போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையில் உடம்பு மட்டும் சுருங்கி, இடுப்பு கோணிக்கொள்ளும்.

இந்தப் பொம்மை கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான்: கழுத்து, வால் துடுப்பு இரண்டாகப் பிரியும் கவட்டை. இரண்டும் உள்நோக்கி வளையும் இடங்கள். தைத்ததும் அப்படியே திருப்பினால் துணி இழுத்துப் பிடித்துச் சுருங்கிவிடும். கவட்டையில் தையல் திரும்பும் புள்ளியை நோக்கிக் கத்தரிக்கோல் நுனியால் நேராக ஒரு வெட்டு கொடுங்கள். தையலுக்கு 2 மில்லிமீட்டர் இருக்கும்போது நிறுத்துங்கள். பயந்து பாதியிலேயே நிறுத்தினால் அங்கே மடிப்பு விழும். தையலையே வெட்டிவிட்டால் பஞ்சு எட்டிப் பார்க்கும். அதனால் வெட்டுவதற்கு முன், அந்த மூலையில் மட்டும் நெருக்கமாக இரண்டு முறை தைத்துவிடுங்கள். கழுத்தின் இரு வளைவுகளிலும் இதேபோலச் சிறு வெட்டுகள் வேண்டும். கையால் தைப்பவர்கள் ஓட்டத் தையலை நம்ப வேண்டாம், ஒவ்வொரு முறையும் ஊசியைச் சற்றுப் பின்னால் குத்தி முன்னால் எடுக்கும் பின்தையல் போடுங்கள்.

தலை தொங்கிப்போவதற்குக் காரணம் கழுத்தில் பஞ்சு போதாததுதான். தலையைத் தனியாக, மார்பைத் தனியாக நிரப்பினால் நடுவில் வெற்றிடம் நின்றுவிடும். பஞ்சை விரல் பருமனுக்கு இறுக்கமாக உருட்டி, தலையிலிருந்து மார்பு வரை போகும்படி நுழைத்து, அதைச் சுற்றி மீதிப் பஞ்சை அடைத்துவிடுங்கள். ஒல்லியான கழுத்து வரைபடத்தில் அழகாகத் தெரியும்; குழந்தை கையில் நிற்காது. துடுப்புக்கு மட்டும் பஞ்சு குறைவாகப் போதும். அதன்மேல் நாலைந்து கோடுகள் தைத்தால் மீன்வால் என்று பார்த்தவுடன் தெரியும்.

பழைய தலையணையைப் பிரித்து இலவம் பஞ்சை அடைப்பது நம் வீடுகளில் சகஜம். கட்டியையும் தூசியையும் குழந்தையின் மூக்கருகே கொண்டுபோக வேண்டாம். அலசினால் அது திரண்டுவிடும், நம் ஊர் ஈரக்காற்றில் உள்ளே சீக்கிரம் காயாமல் பூஞ்சையும் பிடிக்கும். பாலியஸ்டர் பஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள். அப்போதும் பொம்மையைக் காலையிலேயே துவைத்து, பிற்பகல் மழைக்கு முன் வெயிலில் போட்டுவிட வேண்டும்.

3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு என்றால் பொத்தான் கண், மணி, சமிக்கி எதுவுமே வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. பிய்ந்தால் வாய்க்குத்தான் போகும். செதில்களையும் கண்களையும் நூலால் பூத்தையலாகத் தையுங்கள். முகத்தை, பாகங்களை இணைப்பதற்கு முன்பே தைத்துவிட்டால் முடிச்சுகள் உள்ளே மறைந்துவிடும். கம்பளி நூல் கூந்தலைப் பசை போட்டு ஒட்டாதீர்கள், இரண்டு சலவையில் உரிந்துவிடும். வகிடு நெடுகப் பின்தையல் போட்டு இறுக்கி, தோளைத் தாண்டாத சடையாகப் பின்னி, நுனியையும் தைத்துவிடுங்கள்.