ரத்தக் காட்டேரியோடு சண்டையா? சுற்றுக்கு ஒரு ரேடியன்ட் போதும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டின் 2014 விதிகளில் ரத்தக் காட்டேரியோடு மோதும்போது, சுற்றுக்கு ஒரு முறையாவது அதன்மேல் ரேடியன்ட் (புனித ஒளி) சேதம் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தன் முறை தொடங்கும்போதெல்லாம் அது 20 ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி) மீட்டுக்கொள்ளும். ரேடியன்ட் சேதம் ஒரே ஒரு பாயின்ட் பட்டாலும் அதன் அடுத்த முறை அந்த மீட்பு நடக்காது. புனித நீரும் அப்படித்தான். சேக்ரட் ஃப்ளேம் என்ற ரேடியன்ட் மந்திரத்துக்கு ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போட உள்ள அளவான வாய்ப்பு) செலவில்லை, ஆனால் காட்டேரி பெரும்பாலும் விலகிவிடும். ஸ்பிரிட் கார்டியன்ஸ் மந்திரம்தான் என் தேர்வு: சேவில் (தப்பிக்க உருட்டும் பகடையில்) தப்பினாலும் பாதி சேதம் உறுதி.

அது 0-க்கு இறங்கி மூடுபனியாகிவிட்டால் இது உதவாது, சவப்பெட்டியைத் தேடிப் போக வேண்டும். அப்புறம், காட்டேரிகளின் கடவுளான காஞ்செல்சிஸே நேரில் வந்தால் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். அங்கே ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் வைத்ததுதான் விதி.