தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் பாஸ்வேர்டு இல்லாமல் நுழைய: எஸ்எஸ்ஹெச் சாவி போடும் முறை

மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனி, பாம்பனில் ஒரு ஐஸ் பிளான்ட், கீழக்கரையில் ஒரு கருவாட்டு மொத்த வியாபாரம், எதுவாகவும் இருக்கட்டும். மூலையில் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் இரவும் பகலும் ஓடிக்கொண்டு படகுக் கணக்கையும் பெட்டிக் கணக்கையும் வைத்திருக்கும், அதைப் பார்த்துக்கொள்கிறவர் ராமநாதபுரம் டவுனிலோ துபாயிலோ இருப்பார். அவர் உள்ளே போவது எஸ்எஸ்ஹெச் வழியாக, அதாவது தூரத்துக் கம்ப்யூட்டரில் கமாண்டு தட்டி வேலை செய்யும் வழியாக, ஒரே ஒரு பாஸ்வேர்டை வைத்து. அந்தப் பாஸ்வேர்டு முதலாளிக்குத் தெரியும், கணக்குப்பிள்ளைக்குத் தெரியும், வேலையை விட்டுப் போன பையனுக்கும் தெரியும், கேமரா மாட்ட வந்தவருக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள். நேற்று ராத்திரி யார் நுழைந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. மாற்றலாம் என்றால் மறுபடி எல்லோருக்கும் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் பழைய கதைதான். ஹேக்கர் பயத்தைவிட இந்தக் குழப்பத்துக்காகவே சாவிக்கு மாறலாம் என்பது என் கட்சி.

ஹேக்கர் பயமும் பொய்யில்லை. எஸ்எஸ்ஹெச் வழக்கமாகப் பயன்படுத்தும் வாசல் 22-ஆம் போர்ட், அது இன்டர்நெட்டுக்குத் திறந்திருக்கிற எந்தக் கம்ப்யூட்டரிலும் லாகை, அதாவது நுழைவுப் பதிவேட்டைப் பாருங்கள், ரூட், அட்மின், டெஸ்ட் என்று யூசர் பெயர்களை வரிசையாகப் போட்டு எங்கிருந்தோ எந்திரங்கள் பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டே இருக்கும். போர்ட் எண்ணை மாற்றினால் சத்தம் குறையும், ஆபத்து குறையாது. ஊகிக்க பாஸ்வேர்டே இல்லை என்றால்தான் அந்த வேலை வீணாகும்.

ஒரு விஷயம் முதலிலேயே. கமாண்டுகளைப் போனில் சொல்வது போலத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள், பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். உதாரணத்துக்கு அந்தக் கம்ப்யூட்டரில் யூசர் பெயர் நண்டு, முகவரி 192.0.2.10 என்று வைத்துக்கொள்வோம்.

சாவி என்பது இரண்டு ஃபைல். ஒன்று பிரைவேட் கீ, அது உங்கள் லேப்டாப்பை விட்டு எங்கும் போகக் கூடாது. இன்னொன்று பப்ளிக் கீ, பூட்டு மாதிரி, யார் கையில் கிடைத்தாலும் கவலையில்லை, எத்தனை கதவில் வேண்டுமானாலும் மாட்டலாம். நீங்கள் நுழையும்போது உங்கள் லேப்டாப் பிரைவேட் கீயை வைத்து ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பும், அங்கே இருக்கிற பப்ளிக் கீயை வைத்து சர்வர், அதாவது அந்தத் தூரத்துக் கம்ப்யூட்டர், அதைச் சரிபார்க்கும். பிரைவேட் கீ அந்தப் பக்கம் போவதே இல்லை. இது புரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் எந்த ஃபைலை எங்கே வைப்பது என்பதுதான்.

சரி, சாவி செய்வோம். லினக்ஸ், மேக் என்றால் டெர்மினல். விண்டோஸ் 10-இல் 2018 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து எஸ்எஸ்ஹெச் கூடவே வருகிறது, பவர்ஷெல் திறந்தால் போதும்.

எஸ்எஸ்ஹெச்-கீஜென் -டி இடி25519 -சி "கணக்கர்-லேப்டாப்"

முதல் டி, டைப்பில் வரும் டி. இடி25519-இல் வருவது டெல்லிக்கு வரும் டி. சி மட்டும் பெரிய எழுத்து. இடி25519 என்பது சாவியின் வகை, ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் 2014-இல் வந்தது, சின்னது, வேகமானது, இன்றைக்குப் புதிதாகப் போடுகிறவர்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். மேற்கோளுக்குள் இருக்கும் பெயர் வெறும் அடையாளம்தான், ஆனாலும் அலட்சியம் வேண்டாம், எது யாருடைய சாவி என்று பின்னால் கண்டுபிடிக்க இருக்கிற சுலபமான வழி அது.

எங்கே சேமிப்பது என்று கேட்டால் என்டர் தட்டுங்கள். ஏற்கெனவே அதே பெயரில் ஃபைல் இருக்கிறது, அழித்து எழுதவா என்று கேட்டால் மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள், பழைய சாவியால் திறக்கிற எல்லாக் கதவும் ஒரே நொடியில் மூடிக்கொள்ளும். அப்புறம் பாஸ்ஃப்ரேஸ் கேட்கும், பிரைவேட் கீ ஃபைலையே பூட்டி வைக்கும் ரகசியச் சொற்றொடர் அது. அதைக் காலியாக விடச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, நான் சொல்ல மாட்டேன். லேப்டாப் திருட்டுப் போனால் இடையில் நிற்பது அது ஒன்றுதான். சம்பந்தமில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்துப் போடுங்கள், உங்கள் படகின் பெயரை மட்டும் வைக்காதீர்கள், அது கடற்கரையில் போகிற எல்லோரும் படிக்கிற மாதிரி பெயின்ட்டில் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதைத் தட்ட வேண்டுமே என்று சலிப்பாக இருந்தால், லினக்ஸிலும் மேக்கிலும் எஸ்எஸ்ஹெச்-ஆட் என்று ஒரு தடவை தட்டினால் ஏஜென்ட் என்ற பின்னணிப் புரோகிராம் ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஆட் என்பதில் இரண்டு டி.

அடுத்தது பப்ளிக் கீயை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது. லினக்ஸிலும் மேக்கிலும் ஒரே வரி:

எஸ்எஸ்ஹெச்-காப்பி-ஐடி நண்டு@192.0.2.10

பழைய பாஸ்வேர்டைக் கேட்கும், கொடுத்தால் வேலை முடிந்தது. முதல் தடவை அந்தக் கம்ப்யூட்டரோடு பேசுகிறீர்கள் என்றால் அதற்கு முன்பே ஷா256 என்று தொடங்கும் ஒரு நீள அடையாளத்தைக் காட்டி, இதுதானா என்று கேட்கும். எல்லோரும் பார்க்காமலே எஸ் போடுகிறோம். ஆனால் கம்பெனியில் யாராவது கம்ப்யூட்டர் முன்னால் இருந்தால் அவரை எஸ்எஸ்ஹெச்-கீஜென் -எல்எஃப் தட்டச் சொல்லி, ஓர் இடைவெளி விட்டு /ஈடிசி/எஸ்எஸ்ஹெச்/எஸ்எஸ்ஹெச்_ஹோஸ்ட்_இடி25519_கீ.பப் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் படிக்கிற அடையாளம் முழுவதும் உங்கள் திரையில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும்.

விண்டோஸில் காப்பி-ஐடி கிடையாது. உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் .எஸ்எஸ்ஹெச் என்ற ஃபோல்டரில் .பப் என்று முடிகிற ஃபைலை நோட்பேடில் திறந்து, அந்த ஒரே வரியைக் காப்பி செய்து, பாஸ்வேர்டு போட்டு சர்வருக்குள் போய், அங்கேயும் .எஸ்எஸ்ஹெச் ஃபோல்டருக்குள் ஆத்தரைஸ்டு_கீஸ் என்ற ஃபைலில் ஒட்டுங்கள். ஆத்தரைஸ்டு என்பதில் அமெரிக்க வழக்கப்படி இசட் வரும். நம் பள்ளிக்கூடங்களில் படித்த பழக்கத்தில் எஸ் போட்டால் ஃபைல் இருக்கும், சர்வர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது, மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். சாவி முழுவதும் ஒரே வரியாக இருக்க வேண்டும். விண்டோஸில் பட்டி என்ற எஸ்எஸ்ஹெச் சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறவர்கள், அதோடு வரும் சாவி செய்யும் புரோகிராமான பட்டிஜென்னில் 'சேவ் பப்ளிக் கீ' பட்டனை அமுக்காமல் மேலே பெட்டியில் தெரிகிற எழுத்தைக் காப்பி செய்யுங்கள், அந்தப் பட்டன் தருவது பல வரியாக உடைந்த வேறு வடிவம்.

துபாயில் இருக்கும் முதலாளி மகனுக்கும் அனுமதி வேண்டுமா? அவர் தன் லேப்டாப்பில் தானே சாவி செய்து, .பப் ஃபைலை மட்டும் வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பட்டும். நீங்கள் செய்து பிரைவேட் கீயை அவருக்கு அனுப்பும் வேலை வேண்டவே வேண்டாம், அப்படி அனுப்பினால் அது மறுபடியும் ஊருக்கே தெரிந்த பாஸ்வேர்டுதான். ஆளுக்கொன்று என்றுகூட இல்லை, எந்திரத்துக்கொன்று: லேப்டாப்புக்கு ஒன்று, போனுக்கு ஒன்று. ஆத்தரைஸ்டு_கீஸில் எத்தனை வரி வேண்டுமானாலும் இருக்கலாம்.

இப்போது சும்மா எஸ்எஸ்ஹெச் நண்டு@192.0.2.10 என்று தட்டுங்கள். உங்கள் பாஸ்ஃப்ரேஸைக் கேட்டால், அல்லது எதுவும் கேட்காமல் உள்ளே விட்டால், சாவி வேலை செய்கிறது. சர்வர் பாஸ்வேர்டைக் கேட்டால் செய்யவில்லை. பத்தில் எட்டுப் பேருக்கு என்று சொல்ல என்னிடம் கணக்கில்லை, ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பெர்மிஷனைத்தான். சர்வரில் .எஸ்எஸ்ஹெச் ஃபோல்டருக்கு 700, ஆத்தரைஸ்டு_கீஸுக்கு 600 என்று சிஹெச்மாட் போடுங்கள், பெர்மிஷனை மாற்றும் கமாண்டு அது. இரண்டுக்கும் சொந்தக்காரர் நண்டு யூசராக இருக்க வேண்டும், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசராக இருந்து ஃபைலை உருவாக்கியவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: யூசருடைய ஹோம் ஃபோல்டரிலேயே மற்றவர்கள் எழுதலாம் என்று 777 போட்டு வைத்திருந்தால், உள்ளே எல்லாம் சரியாக இருந்தாலும் சர்வர் சாவியை ஏற்காது. ஏதோ ஒரு சாஃப்ட்வேர் ஓடவில்லை என்று யாரோ ஒரு நாள் போட்ட 777 இப்படிப் பழிவாங்கும். இவ்வளவுக்குப் பிறகும் நடக்கவில்லை என்றால் எஸ்எஸ்ஹெச் -வி என்று சேர்த்துத் தட்டுங்கள், எந்தச் சாவியை நீட்டியது, சர்வர் என்ன சொன்னது என்று வரிசையாகச் சொல்லும்.

சாவி திறக்கிறது என்று உறுதியான பிறகுதான் பாஸ்வேர்டை அடைக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நிற்க வேண்டியதுதான், பஸ் ஏறி மண்டபம் போய், உப்புக்காற்றில் துருப்பிடித்த யூஎஸ்பி ஓட்டையில் கீபோர்டைக் குத்தி, அது பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். துபாய்க்காரருக்கு அந்த வழியும் கிடையாது. அதனால் ஒரு ஜன்னலில் உள்ளே நுழைந்து அதை மூடாமல் அப்படியே வைத்திருங்கள். அதிலிருந்து /ஈடிசி/எஸ்எஸ்ஹெச்/எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக் ஃபைலைத் திறந்து பாஸ்வேர்டுஆத்தென்டிகேஷன் என்ற வரியில் நோ போடுங்கள், வரிக்கு முன்னால் ஹேஷ் குறி (#) இருந்தால் எடுத்துவிடுங்கள். ஃபைல் பெயரில் எஸ்எஸ்ஹெச்டி என்று வருவது டெல்லிக்கு வரும் டி. கேபிடிஇன்டராக்டிவ்ஆத்தென்டிகேஷன் வரிக்கும் நோ.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் தப்பு. உபுண்டுவில் அதே இடத்தில் எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்.டி என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் இருப்பவை முதலில் படிக்கப்படும், முதலில் படித்ததுதான் செல்லும். வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வர்களில் 50-கிளவுட்-இனிட்.கான்ஃப் என்ற ஃபைல் அங்கே உட்கார்ந்துகொண்டு பாஸ்வேர்டுக்கு எஸ் சொல்லிக்கொண்டிருக்கும், நீங்கள் பெரிய ஃபைலில் போட்ட நோ வெறும் அலங்காரமாக நிற்கும். உண்மையில் எது அமலில் இருக்கிறது என்று சூடோ எஸ்எஸ்ஹெச்டி -டி சொல்லும் (சூடோ என்பது ரூட் அதிகாரத்தோடு கமாண்டை ஓட்டுவது), கோடுக்குப் பின்னால் வரும் இந்த டி டைப்பில் வரும் டி, பெரிய எழுத்து. அதே டியைச் சின்ன எழுத்தில் போட்டால் கான்ஃபிக்கில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அதையும் பார்த்துவிட்டு சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் எஸ்எஸ்ஹெச். ஃபெடோரா வகை லினக்ஸில் கடைசிச் சொல் எஸ்எஸ்ஹெச்டி. ரீஸ்டார்ட் செய்தாலும் திறந்திருக்கும் ஜன்னல் அறுந்துபோகாது, அதுதான் நம் பிடி.

இரண்டாவது ஜன்னலில் புதிதாக நுழைந்து பாருங்கள். நுழைந்தால் நல்லது. அடுத்து, பாஸ்வேர்டு நிஜமாகவே அடைபட்டதா என்றும் பார்க்க வேண்டும்:

எஸ்எஸ்ஹெச் -ஓ பப்கீஆத்தென்டிகேஷன்=நோ நண்டு@192.0.2.10

பாஸ்வேர்டு கேட்காமல் பெர்மிஷன் டினைட் என்று முகத்தில் அடித்தால் வெற்றி. அதன் பிறகு முதல் ஜன்னலை மூடலாம். பழைய பாஸ்வேர்டை மறந்துவிடாதீர்கள், கம்ப்யூட்டர் முன்னால் நேரில் உட்கார்ந்து நுழையவும் சூடோவுக்கும் அது இன்னும் வேண்டும். பலருக்குத் தெரிந்துபோன அதே பாஸ்வேர்டாக இல்லாமல் இன்றே மாற்றிவிடுங்கள்.

இடையில் ஒன்று. கம்பெனியில் சிம் போட்ட ரூட்டர் என்றால் வெளியிலிருந்து அதைத் தொடவே முடியாமல் போகலாம், ரூட்டரின் வெளிப்பக்க முகவரி (வான் ஐபி என்று காட்டும்) 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால் காரணம் அதுதான், இணைப்புக் கொடுத்தவர் பல பேரை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார். இரண்டு கம்ப்யூட்டரையும் தனி வலையில் இணைக்கும் டெய்ல்ஸ்கேல் மாதிரி சாஃப்ட்வேர் ஒன்றை இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டால் அது தீரும், 22-ஐ ஊருக்குத் திறந்து வைக்க வேண்டிய தேவையும் போய்விடும்.

நம் பக்கத்துச் சிக்னல் எப்படி என்று உங்களுக்கே தெரியும். கச்சான் காற்றடிக்கும் நாட்களில் கரண்டும் போகும் நெட்டும் போகும். தனுஷ்கோடி அரிச்சல்முனைப் பக்கம் போனால் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. உங்கள் பக்கத்து .எஸ்எஸ்ஹெச் ஃபோல்டரில் கான்ஃபிக் என்ற ஃபைலில் சர்வர்அலைவ்இன்டர்வல் 60 என்று போட்டால் சும்மா இருக்கிற இணைப்பு தானாக அறுவது குறையும். நீண்ட வேலைகளை சர்வரில் டிமக்ஸ் என்ற புரோகிராமுக்குள் ஓட்டுங்கள், இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது. ஐபி மாறினாலும் தாங்க வேண்டும் என்றால் எஸ்எஸ்ஹெச் மாதிரியே இன்னொரு புரோகிராம், மோஷ் இருக்கிறது, அது முதலில் எஸ்எஸ்ஹெச் வழியாகத்தான் நுழைகிறது, அதனால் இதே சாவி போதும், யூடிபி 60000 முதல் 61000 வரை திறந்திருக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் ஆப் போட்டு அதிலும் தனிச் சாவி செய்துகொள்ளலாம். போன் கடலில் விழுந்தாலோ, கணக்குப்பிள்ளை வேறு கம்பெனிக்குப் போனாலோ, ஆத்தரைஸ்டு_கீஸைத் திறந்து அந்தப் பெயர் போட்ட ஒரு வரியை அழியுங்கள், மற்ற யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வரியை அழிப்பது இனிமேல் வரும் நுழைவைத்தான் தடுக்கும், ஏற்கெனவே உள்ளே இருப்பவரை வெளியே தள்ளாது. ஹூ என்று தட்டி யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்து, அந்த இணைப்பை கில் செய்துவிட்டு வாருங்கள்.